விசாரணை ஐயா

எங்கள் பக்கத்தில் அவரை விசாரணை ஐயா என்றுதான் சொல்வோம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, எனக்கும் அது தெரியும். ஆனால் சிராங்கூன் ரோட்டில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதை இங்கே எழுதினால் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுகிற மாதிரி இருக்கும். வேண்டாம்.

அவர் கவர்மெண்டு மாட்டு வைத்திய ஆபீசில் வேலை பார்த்தார். வைத்தியர் ஒரு வெள்ளைக்காரத் துரை. இவர் துரைக்குப் பக்கத்தில் நின்று மாட்டின் வாயைத் திறந்து பிடிப்பவர். அந்தக் காலத்தில் இந்த ஊரில் எதை நகர்த்த வேண்டுமானாலும் மாடுதான் நகர்த்த வேண்டும். தண்ணீர் வண்டி, குப்பை வண்டி, அன்னாசி ஆலைக்குப் போகிற வண்டி, துறைமுகத்து மூட்டை வண்டி எல்லாவற்றுக்கும் மாடு. மோட்டார் கார் என்று ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. அதைப் பார்த்து மாடுகள் மிரண்டதைத் தவிர எங்களுக்கு அதனால் வேறு பயன் கிடையாது. நாங்கள் பால் வியாபாரம். பஃபலோ ரோட்டுக்குப் பின்பக்கம் எங்கள் கொட்டகை, அதில் ஆறு கறவைப் பசுக்கள்.

முதல் தடவை அவர் வந்தபோது நான் பால் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உயரமான ஆள். மேலே கறுப்புக் கோட்டு, கீழே முழங்கால்வரை சுருட்டிவிட்ட கால்சட்டை, தோளில் ஒரு துண்டு. ஒரு வணக்கம் கிடையாது, வீட்டுக்காரர் இருக்கிறாரா என்ற கேள்வி கிடையாது. நேரே எங்கள் செவலைப் பசுவிடம் போனார். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, இன்னொரு கையால் நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தார். வழிந்த எச்சிலைத் தோள்துண்டால் ஒற்றித் துடைத்துவிட்டார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“நேத்து இது யாரையெல்லாம் பார்த்துச்சு?” என்று கேட்டார்.

பசு யாரைப் பார்க்கும்? என்னைப் பார்த்தது, என் வீட்டுக்காரரைப் பார்த்தது, மிச்ச நேரம் வைக்கோலைப் பார்த்தது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எந்த மாட்டோடு நின்றது, எந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்தது, பக்கத்தில் உரசிக்கொண்டு போன வண்டி மாடு எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் பசுக்கள் என்னைவிட அடக்கமானவை, கொட்டகை வாசலைத் தாண்டுவதே இல்லை என்று சொன்னேன். அப்படியா என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். இப்படி ஒரு கொட்டகையைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். எதற்கு என்று நான் கேட்பதற்குள் அடுத்த பசுவின் வாய்க்குப் போய்விட்டார்.

யார் யார் வீட்டுக்குப் போனார்கள், யார் யாரோடு பேசினார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்கு அத்துப்படி என்று ஒரு பெயர் இருந்தது. அவருக்கு முன்னால் நாங்கள் ஒன்றுமே இல்லை. தண்ணீர் வண்டி இழுக்கிற மயிலைக்காளை செவ்வாய்க்கிழமை ரோச்சோர் கால்வாயில் யாரோடு குளித்தது, அது போன வாரம் எந்த எருமையோடு முட்டிக்கொண்டது, அந்த எருமை எந்தக் கப்பலில் வந்தது என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வார். மனிதர்களைப் பற்றிக் கேட்டால் முழிப்பார். பத்து வருஷம் பழகிய வண்டிக்காரனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவருக்குத் தெரியாது.

என் மாமியார் இறந்தபோது துக்கம் கேட்க வந்தார். வந்து உட்கார்ந்தார், தலையைக் குனிந்துகொண்டார், பெருமூச்சு விட்டார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பரவாயில்லை, இவருக்கும் மனித முறை தெரிகிறதே என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சாவுக்கு வந்தவர்கள் வண்டி மாடுகளை எங்கே கட்டினார்கள் என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருக்கு மட்டும் காப்பி கொடுக்காமல் அனுப்பினேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளித்தேர் வந்தபோதும் இதே கதை. ஜனமெல்லாம் சாமியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட, இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் தேர் இழுக்கிற மாட்டின் வாயைத் திறந்து பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் திட்டினார்கள். மாட்டுக்கு ஒன்றும் இல்லை, சாமி தாராளமாகப் போகலாம் என்று அவர் அனுமதி கொடுத்தார்.

இந்த விசாரணையெல்லாம் எதற்காக என்று ஒருநாள் மத்தியானம் எனக்குச் சொன்னார். நான் துணி போட்டுப் பால் வடிகட்டிக்கொண்டிருந்தேன். துரையும் வடிகட்டுகிறார், ஆனால் துணியில் இல்லை என்றார். ஆபீசில் மெழுகுவத்தி அளவுக்கு ஒரு பீங்கான் குழாய் இருக்கிறதாம். கண்ணுக்குத் தெரியாத கிருமியைக்கூட அது நிறுத்திவிடுமாம். கோமாரி வந்த மாட்டின் நாக்குக் கொப்புளத்தில் இருக்கும் நீரை அதில் விட்டு வடிகட்டினார்களாம். வடிந்த சுத்தமான நீரை நல்ல கன்றுக்குட்டியின் உதட்டில் தடவினால், அதற்கும் நோய் வந்துவிட்டதாம். இப்போது படித்தவர்கள் வைரஸ் என்கிறார்களே, அதுதான். அன்றைக்கு அவர் அதை “அது” என்றே சொன்னார், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லாத பெண்களைப் போல.

வடிகட்டியிலேயே நிற்காத ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் மடக்கினேன். வடிகட்டுவதில் எனக்கும் பதினைந்து வருஷ அனுபவம் இருக்கிறதல்லவா.

“பார்க்கல தங்கச்சி. துரையும் பார்க்கல, பூதக்கண்ணாடியிலகூட தெரியல” என்றார். “அது எங்க இருந்து எங்க போச்சுன்னு மட்டும் கேட்டுக்கிட்டே வர்றேன். போன வழி தெரிஞ்சா போதும், அத மறிச்சிடலாம்.”

எனக்கு அன்றைக்குத்தான் அவர்மேல் மரியாதை வந்தது. காப்பியும் கொடுத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் கோமாரி வந்தது. முதலில் கால்வாய்ப் பக்கத்து வண்டி மாடுகளுக்கு. வாயில் நுரை, நாக்கில் கொப்புளம், குளம்புக்கு நடுவில் புண். மாடு நின்ற இடத்தில் காலை உதறிக்கொண்டே நிற்கும். எங்கள் ஊர் மாடுகள் இதில் சாவது குறைவு, ஆனால் வண்டி நின்றுவிடும், பால் வற்றிவிடும். காட்டுப் பன்றியும் மானும்தான் புக்கிட் தீமா காட்டிலிருந்து நோயைக் கொண்டுவருகின்றன என்பது துரையின் கட்சி. விசாரணை ஐயா மறுக்கவில்லை. ஒரு மலாய் வேட்டைக்காரரைப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் காட்டோரம் அலைந்தார். நொண்டுகிற பன்றியைப் பார்த்தீர்களா, வாயில் நுரை தள்ளுகிற மானைப் பார்த்தீர்களா என்று கம்பம் என்கிற மலாய்க் கிராமம் ஒன்று விடாமல் கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. அங்கே புலி இருந்த காலம் அது. கண்ணில் பட்டிருந்தால் அதன் வாயையும் திறந்து பார்த்திருப்பார் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்ததும் ஒரு பழைய கோணியைப் பிரித்து விரித்தார். டோபி காட் என்கிற சலவைத் துறையில் அவருக்குத் துணி வெளுக்கிற வண்ணாரிடம் சலவை நீலம் வாங்கி வந்து, விரலால் தொட்டு அதில் படம் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கொம்பு. எந்த மாடு எந்த மாட்டைப் பார்த்ததோ, இரண்டு கொம்புக்கும் நடுவில் ஒரு கோடு. கோணி முழுக்க நீலக் கோடு. அவர் விரல், மூக்கு, கோட்டு எல்லாம் நீலம்.

ஒரு புதன்கிழமை துரையும் அவரும் வந்து எங்கள் பசுக்களைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். அவருக்கு இளகிய மனசு. காட்டுப் பக்கமிருந்து வந்த ஒருவர் தாயில்லாத மான்குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் அதை வாங்கிக்கொண்டு வந்து, பசுக்களுக்குப் பக்கத்தில் கட்டி, புட்டியில் பால் கொடுத்தார். விற்கிற பாலை மான் குடிக்கிறது என்று நான் கத்தினேன். ஆனால் அது என் விரலைச் சப்பியபோது நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்து எங்கள் செவலை நுரை தள்ளியது. மறுநாள் கறுப்பி. மூன்றாம் நாள் மிச்சப் பசுக்களுக்கும் வந்தது. கடைசியில் மான்குட்டிக்கு.

துரை வந்தார். கொட்டகைகளில் அவர் மலாய்தான் பேசுவார், அந்தப் பாஷையில் துரையைத் துவான் என்பார்கள், எங்களுக்கும் அரைகுறை மலாய் வரும். வாசல் தாண்டாத பசுக்களுக்கு எப்படி நோய் வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் மான் பட்டது. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. காட்டு நோய் நுழைந்த வாசல் இதுதான் என்றார். இந்தக் கொட்டகையை வேரோடு எடுத்துவிட்டால் ஊர் பிழைக்கும், ஆறு பசுவையும் மானையும் சுட்டுச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், நாளைக் காலை ஆட்களோடு வருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆறு பசுவைத் தவிர இந்த ஊரில் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

துரை போன ஒரு மணி நேரத்தில் விசாரணை ஐயா கோணியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தார். வந்ததும் தரையில் விரித்தார். மானுக்குக் கடைசியில்தானே வந்தது, அப்படியானால் பசுவிடமிருந்துதான் மானுக்குப் போயிருக்கும், பசுவுக்கு எங்கிருந்து வந்தது, யோசித்துச் சொல் என்று கேட்டார். வைக்கோல்காரன் மாடு உள்ளே வந்ததா? இல்லை. தண்ணீர் வண்டி? இல்லை. பக்கத்துக் கொட்டகைக் கன்று? இல்லை, இல்லை, இல்லை. சுற்றிச் சுற்றி ஐந்தாம் தடவையாக அதே கேள்வி வந்தது, போன வாரம் இவை யாரையெல்லாம் பார்த்தன என்று.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “எங்க பசுங்கள விடுங்க. போன வாரம் நீங்க யாரையெல்லாம் பார்த்தீங்க, அதச் சொல்லுங்க ஐயா” என்று கத்திவிட்டேன்.

கோபத்தில் சொன்னது, அவ்வளவுதான். அவர் குனிந்து கோணியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஊரில் எந்த மாடு எச்சில் ஒழுக்கினாலும் பிள்ளைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி துடைத்துவிடுவாரே, அந்தத் துண்டு. வாரத்துக்கு ஒரு தடவைதான் அது டோபி காட் துறைக்கு வெளுக்கப் போகும்.

நீலத்தைத் தொட்டுக் கோணியின் நடுவில் ஒரு துண்டு வரைந்தார். அதிலிருந்து கால்வாய் மாடுகளுக்கு ஒரு கோடு, வண்டிக் கொட்டகைக்கு ஒரு கோடு, எங்கள் கொட்டகைக்கு ஒரு கோடு. அதுவரை அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்த கோடெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. எல்லா மாட்டையும் பார்த்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். என்னை மன்னிச்சிடு தங்கச்சி என்றார். எனக்கு அழுகை வந்தது, அவர்மேல் கோபம் மட்டும் வரவில்லை.

அத்தோடு முடியவில்லை. விரலில் இன்னும் நீலம் இருந்தது, அவர் எழுந்திருக்கவும் இல்லை. கோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோமாரி வந்தபிறகு அவர் கொட்டகைகளுக்குத் தனியாகப் போவதில்லையே. அவர் போன இடத்துக்கெல்லாம் துரையும் போயிருக்கிறார், சாணியையும் நுரையையும் மிதித்துக்கொண்டு. விசாரணை ஐயாவுக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள், இருப்பது கவர்மெண்டு கொடுத்த வீடு. துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

“பாதிய வரைஞ்சா அது விசாரணை இல்லீங்க” என்று சொல்லிவிட்டு, துண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வரைந்தார்.

மறுநாள் காலை துரை துப்பாக்கிக்காரர்களோடு வந்தார். வாசலிலேயே கோணி விரித்திருந்தது. விசாரணை ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்று மலாயிலேயே சொன்னார், எங்களுக்கும் புரியட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன். மான் கடைசியில் விழுந்ததைச் சொன்னார். துண்டைச் சொன்னார். துரை கோபமாக ஏதோ ஆரம்பித்தவர், கோணியில் பூட்ஸைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இது யாருடையது என்று கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை காலை கால்வாய். மத்தியானம் வண்டிக் கொட்டகை. புதன்கிழமை காலை இங்கே” என்றார் விசாரணை ஐயா. “நீங்களும் நானும், துவான்.”

துரை குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார், ஓரத்தில் காய்ந்த சாணி ஒட்டியிருந்தது. அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காது இரண்டும் சிவந்துவிட்டன. துப்பாக்கிக்காரர்களைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மூன்று வாரம் கொட்டகையை மூட வேண்டும், பால் வெளியே போகக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். விசாரணை ஐயாவிடம், நீயும் மூன்று வாரத்துக்கு எந்த மாட்டையும் நெருங்கக்கூடாது என்றார். நான் நெருங்க வேண்டிய மாடு இங்கேதானே இருக்கிறது, என்னையும் இதிலேயே பூட்டிவிடுங்கள் என்று இவர் சொன்னார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படித்தான் மூன்று வாரம் அவர் எங்கள் கொட்டகையில் வைக்கோல்மேல் படுத்தார். துண்டை முதல் நாளே கொளுத்திவிட்டார். படிகாரத் தண்ணீரால் பசுக்களுக்கு வாய் கழுவினார், குளம்புக்கு வேப்பிலை அரைத்துக் கட்டினார். அவர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் சோற்றை வைத்துவிட்டுப் போவாள். அவர் இந்தப் பக்கம் இருந்துகொண்டு போகிற வருகிற வண்டிக்காரர்களை உரக்கக் கூப்பிட்டு விசாரிப்பார். இடம் மாறியதே தவிர தொழில் நிற்கவில்லை. மான்குட்டிக்கு இரண்டு வேளையும் அவரே பால் கொடுத்தார். எங்கள் பசு ஒன்றுகூடச் சாகவில்லை. பால் மட்டும் பழைய அளவுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு. நாடகக் கொட்டகைக்குப் போயிருந்தால்கூட நாங்கள் அப்படிச் சிரித்திருக்க மாட்டோம்.

பிறகு எல்லாக் கொட்டகை வாசலிலும் ஒரு வாளி வந்தது. சலவைச் சோடா கரைத்த தண்ணீர். கையையும் காலையும் அதில் நனைத்துவிட்டுத்தான் யாராக இருந்தாலும் உள்ளே வர வேண்டும். அதற்கப்புறம் கோமாரி வந்தால் ஒரு கொட்டகையோடு நின்றது.

ஒரு வருஷம் கழித்துத் துரை எழுதிய அறிக்கை அச்சாகி வந்தது. விசாரணை ஐயா ஒரு பிரதியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொன்னார். பீங்கான் குழாய் இருந்தது, மான் இருந்தது, வாளி இருந்தது. நோய் பரவியது ஒரு சுதேசிச் சிப்பந்தியின் அழுக்குத் துண்டினால் என்று இருந்தது. அதோடு முடிந்தது. நான் மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடி படித்தார். பூட்ஸ் எங்கே என்று கேட்டேன்.

“இதுல இல்ல தங்கச்சி” என்றார், சிரித்துக்கொண்டே. “ஆனா துரை இப்ப வாளியில கால விடாம எந்தக் கொட்டகைக்குள்ளயும் நுழையறதில்ல. நமக்கு அதுதானே வேணும். எழுத்துல என்ன இருக்கு?”

எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரும் இல்லை, துரையும் இல்லை, அந்த அறிக்கை மட்டும் ஏதோ ஒரு அலமாரியில் இன்னும் இருக்கும். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன். துண்டு மட்டும் இல்லை, துரையின் பூட்ஸும்தான்.